மழைக்கஞ்சியில் ஒரு பிடி மக்காச்சோளம்

அமுதவல்லி பயந்தவள். இதில் ஒளிவு மறைவு ஒன்றும் இல்லை, ஊருக்கே தெரியும். இடி இடித்தால் காதைப் பொத்திக்கொண்டு அரிசிப் பானைக்குப் பின்னால் போய் உட்கார்ந்துவிடுவாள். மினி பஸ் ரிவர்ஸ் எடுத்தால் எட்டிப்போய் வரப்பில் ஏறி நிற்பாள். பஸ் கிளம்பிப் போன பிறகும் கொஞ்ச நேரம் அங்கேயே நிற்பாள். போன் மணி அடித்தால், எடுத்துக் காதில் வைப்பதற்கு முன்பே யாருக்கு என்ன ஆயிற்றோ என்று முகம் வெளிறிப்போகும். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்களே, அமுதவல்லி பட்டப்பகலிலேயே அரண்டவள்.

கட்டிக்கொண்ட சிவசாமி தங்கமான மனிதர். திருச்சியில் கொத்தனார் வேலை. சனிக்கிழமை வந்து ஞாயிறு இருந்துவிட்டுப் போவார். அவர் சாரத்தில் ஏறி நிற்பதை நினைத்தாலே அவளுக்குச் சோறு இறங்காது. "சாரம் கட்டுனவனே பயப்படல, நீ எதுக்குடி பயப்படுற?" என்று ஒருநாள் கேட்டார். "அவன் கொஞ்சம் பயந்திருந்தா இன்னும் இறுக்கிக் கட்டியிருப்பான்ல" என்றாள். சிவசாமி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார்.

சும்மா பயந்தாலாவது பரவாயில்லை. கூப்பாடு போட்டு ஊரையும் சேர்த்துப் பயமுறுத்துவாள், அதுதான் தொல்லை. சிவசாமியின் பங்காளி வகையில் மூத்தவர் சம்சாரம் மூக்காயி. ஊரில் நல்லது கெட்டது எதுவானாலும் முன்னால் நிற்கிற பெண்பிள்ளை. அவள் மகன் கல்யாணம் விராலிமலை மண்டபத்தில் நடந்தது. பந்தியில் சாம்பார் வாளி வரும்போது அமுதவல்லி எட்டிப் பார்த்து, "பல்லி, பல்லி விழுந்து கிடக்கு, யாரும் சாப்பிடாதீங்க" என்று கத்திவிட்டாள். பந்தி எழுந்துவிட்டது. பெண் வீட்டார் முகம் சுண்டிப்போனது. அண்டாச் சாம்பாரை மண்டபத்துக்குப் பின்னால் கொண்டுபோய்க் கொட்டியபோதுதான் தெரிந்தது, அது ஒரு கத்தரிக்காய்க் காம்பு. மாப்பிள்ளை வீட்டுச் சனம் ரசத்தைக் குடித்துவிட்டு வீடு போய்ச் சேர்ந்தது. அன்றிலிருந்து அவளுக்குப் பல்லி அமுதா என்று பெயர். மூக்காயி அவளைப் பார்க்கிற பார்வை அன்றைக்கு மாறியதுதான். உலகத்தில் உள்ள பயத்தையெல்லாம் ஒரு தட்டில் வைத்து, மூக்காயி மேல் உள்ள பயத்தை மறுதட்டில் வைத்தால், மூக்காயி தட்டுதான் கீழே இறங்கும்.

இப்படிப்பட்டவள் போயும் போயும் நஞ்சோடு புழங்குகிற வேலைக்குப் போனாள் என்றால் யார் நம்புவார்கள்? ஆனால் போனாள். ஊரில் வேறு வேலை இல்லை.

கொடும்பாளூர் ரோட்டோரம் ரெங்கசாமிக்கு ஒரு வயல் உண்டு. அதை ஒரு ஆராய்ச்சி நிலையத்துக்காரர்கள் குத்தகைக்கு எடுத்து மக்காச்சோளம் போட்டார்கள். பொறுப்புக்கு வந்தது சிவரஞ்சனி என்ற பெண். பெரிய படிப்பு, சின்ன வயசு, எந்நேரமும் தொப்பி. வேலைக்கு வந்த பெண்களை மோட்டார் கொட்டகை நிழலில் உட்காரவைத்து முதல் நாளே எல்லாவற்றையும் விளக்கிச் சொன்னாள். மக்காச்சோளக் கதிரில் ஒரு பூஞ்சை பிடிக்கும். அந்தப் பூஞ்சை மணிக்குள் ஒரு நஞ்சைச் சுரக்கும். கோழி தின்றால் கோழியின் ஈரல் போகும், மனிதன் தின்றால் மனிதனின் ஈரல் போகும். வேகவைத்தாலும் அந்த நஞ்சு சாகாது. ஆனால் சில வகைச் சோளத்துக்கு அதை அண்டவிடாத குணம் பிறவியிலேயே உண்டு. அந்தக் குணம் உள்ள வகையைக் கண்டுபிடித்துவிட்டால், அதை நன்றாக விளைகிற வகையோடு சேர்த்துப் புது விதை உண்டாக்கலாம். கண்டுபிடிக்க ஒரே வழிதான் உண்டு. பல வகைகளை வரிசை வரிசையாக நட வேண்டும், எல்லாக் கதிருக்கும் பூஞ்சையை நாமே ஊசியில் ஏற்ற வேண்டும், எது தாங்குகிறது என்று பார்க்க வேண்டும்.

"நாமளே ஏத்தணுமா?" என்று கேட்டாள் அமுதவல்லி.

"ஆமாக்கா. அம்மை ஊசி மாதிரி நெனச்சுக்கங்க."

அம்மை ஊசி என்றாலும் அவளுக்குப் பயம்தான், அது அந்தப் பெண்ணுக்குத் தெரியாது. வீட்டுக்குப் போனவள் மறுநாள் போகக் கூடாது என்றுதான் இருந்தாள். சிவசாமிதான், "போய்த்தான் பாரேன், பிடிக்கலேன்னா நின்னுக்க" என்றார். போனாள். நின்றுவிடவில்லை. கதிரில் முடி காய்ந்து வருகிற பருவத்தில், மட்டைக்கு மேலேயே ஊசியைக் குத்தி, பூஞ்சைத் தண்ணீரை இறக்கி, அடுத்த கதிருக்குப் போக வேண்டும். மற்றப் பெண்கள் மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கிவிட்டு வெற்றிலை போடுவார்கள். அமுதவல்லி ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு மாஸ்க் போட்டுக்கொள்வாள். கையுறைக்கு மேல் நூல் சுற்றிக்கொள்வாள். வேலை முடிந்து வந்தால் வாசல் வேம்பிலேயே வேலைச் சேலையை அவிழ்த்துப் போட்டுக் குளித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் நுழைவாள். "எல்லாரும் ஒங்கள மாதிரி பயந்தா எனக்கு நிம்மதியா இருக்கும்க்கா" என்று சிவரஞ்சனி ஒருநாள் சொன்னாள். தன் பயத்தை ஒருத்தி மெச்சிப் பேசியது அமுதவல்லிக்கு வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. அன்று முழுக்க அவள் நடையே வேறாக இருந்தது.

அந்த வருஷம் வானம் சதி செய்துவிட்டது. ஆடியில் விதைத்தது அத்தனையும் முளைத்த சூட்டோடு கருகிப்போனது. கண்மாய் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. ரெங்கசாமி வயலில் மட்டும் போர்வெல் தண்ணீர் இருந்ததால், வைகாசியிலேயே விதைத்த மக்காச்சோளம் நின்றது. அதற்கும் பூக்கிற பருவத்தில் சிவரஞ்சனி வேண்டுமென்றே தண்ணீரை நிறுத்திவிட்டாள். தண்ணீர் இல்லாமல் காய்ந்து வாடுகிற பயிரில்தான் பூஞ்சை கொண்டாட்டம் போடுமாம், அப்போதுதான் உண்மை தெரியுமாம். வாடுகிற பயிரைப் பார்த்துக்கொண்டே தண்ணீரை மூடுவதா என்று ஊரில் பலருக்கும் வயிறு எரிந்தது.

ஆவணிக் கடைசியில் கதிர் ஒடித்தார்கள். மட்டையை உரிக்க உரிக்க, வரிசைக்கு வரிசை பச்சையும் மஞ்சளுமாகப் பூசணம் பொடியாகக் கொட்டியது. அமுதவல்லி மூச்சை அடக்கிக்கொண்டு உரித்தாள். இரண்டே வரிசைகள் வேறு மாதிரி வந்தன. பக்கத்துப் பக்கத்து வரிசைகள். கதிர் முழுக்க மணி பளிச்சென்று, ஒரு பொட்டுப் பூசணம் இல்லை. சிவரஞ்சனி ஒரு கதிரை உயரத் தூக்கிப் பிடித்து, "பாருங்கக்கா, இதுல ஒட்டவே இல்ல. இத்தனை ஊசி போட்டும் ஒட்டவே இல்ல" என்றாள். அந்தப் பெண்ணின் கண் கலங்கியிருந்தது. பிறகு சுதாரித்துக்கொண்டு, ஒவ்வொரு வரிசையிலும் லேபுக்கு வேண்டியதைப் பையில் கட்டி எடுத்துக்கொண்டு, விதைக்கு ஒரு பை மட்டும் கொட்டகையில் பூட்டிச் சாவியை அமுதவல்லியிடம் கொடுத்துவிட்டு, மிச்சத்தையெல்லாம் குழியில் போட்டு எரித்துவிடச் சொன்னாள். சுத்தமான வரிசைகளின் மிச்சம் கடைசியில் வந்ததால் குழியில் மேலாக, பக்கத்துப் பக்கத்தில் இரண்டு குவியலாகக் கிடந்தது. எரிக்கிற வேலை அமுதவல்லிக்கு.

அதே நேரம்தான் ஊரில் மழைக்கஞ்சி எடுப்பது என்று முடிவானது. மழை பொய்த்தால் பெண்கள் சேர்ந்து வீடு வீடாகப் போய்த் தானியம் வாங்கி, ஒரே அண்டாவில் போட்டுக் காய்ச்சி, கண்மாய்க்குள் உட்கார்ந்து வானத்தைப் பார்த்து ஒப்பாரி வைத்துவிட்டுக் குடிப்பார்கள். அந்த ஊரில் அதற்கு இரண்டு கட்டுப்பாடு உண்டு. ஒன்று, முதல் கிண்ணம் வயிற்றுப்பிள்ளைக்காரிக்குத்தான். அவள் வாய் நனைந்தால் வானம் இரங்கும் என்பது நம்பிக்கை. இன்னொன்று, அந்த வருஷம் அந்த ஊர் மண்ணில் விளைந்தது ஒரு பிடியாவது அண்டாவில் விழ வேண்டும். ரேஷன் அரிசி மட்டும் போட்டால் கஞ்சி, மழைக்கஞ்சி ஆகாது.

மூக்காயி வந்து வாசலில் நின்றாள். அமுதவல்லி கையில் இருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள்.

"இந்த வருஷத்து மண்ணுல வெளஞ்சது ஒரு பிடி வேணும்டி. ஊர்ல ஒருத்தர் வீட்லயும் இல்ல. ரெங்கசாமி வயல்லதான் வெளஞ்சிருக்கு. நீ அங்கதானே கெடக்க."

"எல்லாத்தையும் எரிக்கச் சொல்லியிருக்காங்கக்கா."

"எரிக்கிறதா? வெளஞ்சதை எரிச்சா மழை எப்படிடி வரும்? இதனாலதான் வரல போல. ஒன் மக வயித்துப்பிள்ளையோட வந்திருக்கா, மொதக் கிண்ணம் அவளுக்குத்தான். அவளுக்கே நீ ஒரு பிடி குடுக்க மாட்டியா?"

மகள் காவ்யா அறந்தாங்கியில் வாழ்க்கைப்பட்டவள். மாப்பிள்ளை சந்தோஷ்குமாருக்குத் துபாயில் வேலை. மசக்கை அடங்கட்டும் என்று தாய் வீட்டுக்கு வந்தவள், ஐந்தாம் மாதம் ஆகியும் இங்கேயே இருந்தாள். ஊரிலேயே அப்போது அவள்தான் பிள்ளைத்தாய்ச்சி.

அமுதவல்லி குழிக்குப் போனாள். இங்கேதான் விதி சிரித்தது. எதைப் பார்த்தாலும் நடுங்குகிறவள், அன்றைக்கு நடுங்கவில்லை. பூசணம் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். மாதக்கணக்கில் அதோடு புழங்கியவள். இந்தக் கதிர்களில் அது இல்லை. படித்த பெண்ணே ஒட்டவில்லை என்று எல்லோர் முன்னாலும் சொன்னாள். மேலாகக் கிடந்த இரண்டு குவியலில் கைக்கு எட்டிய குவியலில் இருந்து ஒரு மடி வாரிக்கொண்டாள். ஒவ்வொரு மணியாக வெயிலில் பார்த்தாள். மீதியைக் கொளுத்திவிட்டு வீட்டுக்கு வந்து, மணியை உதிர்த்து, உடைத்து, ஒரு பிடிக்கு இரண்டு பிடியாக மூக்காயிடம் கொடுத்தாள். மிச்சத்தை ஒரு டப்பாவில் போட்டு அடுப்படியில் வைத்தாள். மூக்காயி வாங்கிக்கொண்டு சிரித்தாள். மண்டபத்துக்குப் பிறகு அவள் சிரித்துப் பார்த்தது அன்றைக்குத்தான். அமுதவல்லிக்கு ஆறுமாதப் பாரம் இறங்கியது மாதிரி இருந்தது.

கஞ்சி காய்ச்சிய அன்று காலையிலேயே ஊர் கண்மாய்க்குள் கூடிவிட்டது. கல்லைக் கூட்டி அண்டாவை ஏற்றியிருந்தார்கள். காவ்யாவைக் கருவேல நிழலில் பாய் போட்டு உட்காரவைத்திருந்தார்கள். ஆட்டுக்குட்டி அவிழ்ந்து கிடக்கிறது, கட்டிப்போட்டுவிட்டு வருகிறேன் என்று அமுதவல்லி வீட்டுக்கு வந்தாள். அப்போது போன் மணி அடித்தது.

சிவரஞ்சனி. "அக்கா, குழியில போட்டதெல்லாம் எரிச்சாச்சா?"

"ஆச்சும்மா."

"சுத்தமா இருந்த ரெண்டு வரிசையும்தானே?"

அமுதவல்லி போனை மறு காதுக்கு மாற்றினாள். "அதுலதான் ஒண்ணும் ஒட்டலைல்லம்மா" என்றாள்.

"வெளிய ஒட்டல. உள்ள என்னன்னு லேப்ல பாத்தாத்தான் தெரியும். பூசணம் கண்ணுக்குத் தெரியாமலே நஞ்ச எறக்கிட்டுப் போயிரும்க்கா. போன வருஷம் இன்னொரு ஊர்ல இப்படித்தான் பளபளன்னு ஒரு வரிசை வந்துச்சு. அதுலதான் எல்லாத்தையும் விட நஞ்சு அதிகம். அன்னிக்குச் சந்தோஷத்துல நான் வாய விட்டுட்டேன். யாராவது நல்லாருக்கேன்னு எடுத்துறப் போறாங்களேன்னுதான் கேட்டேன்."

அதற்கு மேல் அமுதவல்லி கேட்கவில்லை. போன் கையில் இருந்ததா, கீழே விழுந்ததா, அதுவும் தெரியாது. ஆட்டுக்குட்டி வாசலில் கத்திக்கொண்டிருக்க, அவள் ஓடினாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவள் ஓடி யாரும் பார்த்ததில்லை. விழுந்துவிடுவோம் என்று பயந்து நடப்பவள், வெடித்துக் கிடந்த கண்மாய்க்குள் தாவித் தாவி ஓடினாள். அவள் கண்ணுக்கு முன்னால் காவ்யாவின் வயிறு ஒன்றுதான் இருந்தது.

ஒப்பாரி முடிந்திருந்தது. மூக்காயி அண்டாவிலிருந்து முதல் கிண்ணத்தை முகந்து காவ்யாவின் கையில் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"குடிக்காத" என்று கத்தினாள் அமுதவல்லி. "யாரும் குடிக்காதீங்க. அதுல நஞ்சு இருக்கு."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மூக்காயி அகப்பையைத் தூக்கிப் பிடித்தபடி, "என்னடி, இங்கிட்டும் பல்லியா?" என்றாள்.

சிரிப்பு கிளம்பியது. கண்மாய் முழுக்கச் சிரித்தது. அமுதவல்லி மூச்சு வாங்கச் சொன்னாள். ஊசி போட்டதை, போன் வந்ததை, பளபளவென்று இருந்தாலும் உள்ளே நஞ்சு இருக்கும் என்பதை, முன்னும் பின்னுமாகக் குழறிக் குழறிச் சொன்னாள். "நீதானே பொறுக்கிக் குடுத்த, சுத்தம்னு சொல்லி?" என்றாள் ஒருத்தி. "இவ்வளவு கொதிச்ச பிறகு என்னடி நஞ்சு?" என்றாள் இன்னொருத்தி. "இவ எதுக்குத்தான் பயப்படல, விடுங்க" என்றாள் மூக்காயி. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? வாழ்நாள் முழுக்கப் பயந்து பயந்து, உண்மையான பயம் வந்த அன்றைக்கு அதை நம்ப ஒரு நாதி இல்லை.

காவ்யா தலையைக் குனிந்துகொண்டிருந்தாள். வெட்கத்தில் முகம் சிவந்திருந்தது. "ஆரம்பிச்சுட்டியாம்மா" என்றாள் மெதுவாக. "ஊரே பாக்குது." சொல்லிவிட்டுக் கிண்ணத்தை வாயில் வைத்து ஒரு மடக்குக் குடித்தாள்.

அமுதவல்லி பாய்ந்தாள். கிண்ணம் பறந்து போய் விழுந்தது. காவ்யாவின் வாயில் விரலைவிட்டுத் துப்படி துப்படி என்றாள். அவள் விழுங்கிவிட்டிருந்தாள். பின்னால் திரும்பினால், அதற்குள் இரண்டு மூன்று பேர் கிண்ணத்தை நீட்டிவிட்டார்கள், மூக்காயி முகந்துகொண்டிருந்தாள். அமுதவல்லி அண்டாவின் பக்கம் போய், காலைத் தூக்கி, கொதிக்கிற அண்டாவை ஒரே உதை உதைத்தாள்.

அண்டா கல்லை விட்டுச் சரிந்து உருண்டது. கஞ்சி கண்மாய் வெடிப்புக்குள் இறங்கிப் புகைந்தது. அவள் கால் வெந்துபோனது. அது அவளுக்கு உறைக்கவில்லை. எங்கிருந்தோ நாய்கள் வந்து மோந்தன. செருப்பைக் கழற்றி நாய்களை அடித்து விரட்டினாள். மண்டியிட்டு உட்கார்ந்து, இரண்டு கையாலும் மண்ணை வாரி வாரிக் கஞ்சியை மூடினாள். நாய் நக்கக் கூடாது, கோழி கொத்தக் கூடாது, எறும்பு கூடத் தொடக் கூடாது என்பது போல மூடினாள். சிரிப்புச் சத்தம் நின்றுபோய் வெகுநேரம் ஆகியிருந்தது.

மழைக்கஞ்சியைத் தரையில் கொட்டுவது என்றால் அந்த ஊரில் அதற்கு மேல் பாவம் இல்லை. வந்த மழையையே எட்டி உதைத்ததற்குச் சமம். மூக்காயி குனிந்து ஒரு கை மண்ணை அள்ளி, அமுதவல்லி இருந்த திசைக்குத் தூற்றினாள். "நீ நல்லா இருப்பியாடி" என்று ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். மற்றவர்கள் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு கலைந்து போனார்கள்.

சாயந்திரம் சிவரஞ்சனி வந்தாள். அமுதவல்லி வெந்த காலில் துணி சுற்றிக்கொண்டு, ஒன்று விடாமல் சொன்னாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தாள். அந்தப் பெண் தலையில் கையை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பிறகு டப்பாவில் மிச்சம் இருந்த மணியை எடுத்துக்கொண்டாள். "எந்தக் குவியல்லேருந்து எடுத்தீங்கக்கா?" என்றாள். "ரெண்டும் ஒண்ணு போலத்தாம்மா இருந்துச்சு. கைக்கு எட்டுனத வாரிக்கிட்டு வந்தேன்" என்றாள் அமுதவல்லி. பெரிய அண்டாவில் இரண்டு பிடி, அதில் ஒரு மடக்கு, பெரிதாக ஒன்றும் ஆகாது, எதற்கும் காவ்யாவுக்கு ரத்தம் பார்த்துவிடலாம் என்று சிவரஞ்சனி ஆறுதல் சொன்னாள். பயப்படாதீர்கள் என்றும் சொன்னாள். யாரிடம் போய் யார் சொல்கிற வார்த்தை.

ரத்தத்தில் கோளாறு ஒன்றும் இல்லை என்றுதான் ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அமுதவல்லிக்கு அது போதவில்லை. விடிந்ததும் காவ்யாவின் கண் இமையை இழுத்து மஞ்சள் இருக்கிறதா என்று பார்ப்பாள். நகத்தைப் பார்ப்பாள். தூங்கும்போது வயிற்றில் கை வைத்து, உள்ளே அசைகிறதா என்று காத்திருப்பாள். காவ்யா அவளோடு பேசுவதில்லை. இமையை இழுக்கும்போது மட்டும் கல் மாதிரி நிற்பாள். தண்ணீர்க் குழாயில் அமுதவல்லி குடம் வைத்தால் மற்றப் பெண்கள் தங்கள் குடத்தை எடுத்துக்கொண்டு போனார்கள். மழையும் வரவில்லை. வராத ஒவ்வொரு நாளும் அவள் கணக்கில்தான் ஏறியது. சிவசாமி வந்த சனிக்கிழமை, "பயந்தது சரிதான், அதுக்காக அண்டாவ ஒதைக்கலாமா?" என்றார். லேபிலிருந்து நஞ்சு என்று வந்தால் மகள் வயிற்றில் நஞ்சு. நஞ்சு இல்லை என்று வந்தால் ஊர் மழையைக் கெடுத்த பாவி. எது வந்தாலும் நல்லது இல்லை என்று தெரிந்தும், இரண்டாவதே வர வேண்டும் என்று தெரிந்த சாமியையெல்லாம் வேண்டிக்கொண்டாள்.

சிவரஞ்சனியின் ஜீப் வந்து நின்றதும் ஊரே கூடியது. மூக்காயியும் வந்து ஓரமாக நின்றாள்.

"ஒங்க டப்பாவுல ஒண்ணுமில்லக்கா" என்றாள் சிவரஞ்சனி. "சுத்தம். அந்த வரிசைக்கு நெசமாவே தாங்குற குணம் இருக்கு. நாங்க தேடிக்கிட்டிருந்தது அதுதான்."

அமுதவல்லி தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். கூட்டத்தில் யாரோ, "அப்ப ஒண்ணுமில்லாத கஞ்சியைத்தான் கொட்டினா" என்றார்கள். பழைய சிரிப்பு திரும்ப வந்தது.

சிவரஞ்சனி சிரிக்கவில்லை. "பக்கத்து வரிசையும் பாக்க இதே மாதிரிதான் இருந்துச்சு" என்றாள். "பூசணமே இல்ல. அதுல இருந்த நஞ்சு, பூசணம் பூத்ததுன்னு வீசினோமே, அந்த வரிசைகளையெல்லாம் விட அதிகம். குழியில ரெண்டும் பக்கத்துல பக்கத்துலதான் கெடந்துச்சு. கை ஒரு சாண் அங்கிட்டுப் போயிருந்தா, அதுதான் கஞ்சியில விழுந்திருக்கும்."

மூக்காயி சிவரஞ்சனியின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஆனாலும் மழை வேண்டுமே. மறுபடியும் கஞ்சி காய்ச்சுவது என்று ஆனது. மறுபடியும் அந்த ஒரு பிடிக்கு வழி இல்லை. சுத்தம் என்று வந்த வரிசையில் கொஞ்சம் கேட்டுப் பார்த்தார்கள். ஒரு வருஷத்தில் ஒரு ஊரில் பார்த்ததை வைத்துச் சொல்ல முடியாது, இன்னும் பல இடத்தில் நட்டுப் பார்க்க வேண்டும், தரமாட்டேன் என்றுவிட்டாள் சிவரஞ்சனி. மூக்காயி நேராக அமுதவல்லி வாசலுக்கு வந்தாள்.

"கொட்டகைச் சாவி ஒங்கிட்டதானே இருக்கு. நல்ல வரிசைப் பையில ஒரு பிடி எடுத்துக் குடு. அந்தப் பொண்ணுக்குத் தெரிய வேணாம்."

"மாட்டேன்க்கா."

மூக்காயி காதில் சரியாக விழவில்லையோ என்பது போலப் பார்த்தாள். அவளிடம் அமுதவல்லி மாட்டேன் என்று சொன்னது அதுதான் முதல் தடவை. "அதுல ஒண்ணுமில்லேன்னு லேப்லயே சொல்லியாச்சு. நான் எப்படியாவது வாங்கிப் போட்டுட்டா என்ன செய்வ? மறுபடியும் வந்து ஒதைப்பியா?"

அமுதவல்லி நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டாள். பிடியை விடாமல் சொன்னாள். "ஒதைப்பேன்க்கா."

உள்ளே காவ்யா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். மூக்காயி திரும்பிப் போய்விட்டாள். ரெங்கசாமி மோட்டார் வாய்க்கால் ஓரத்தில் தானாக முளைத்துக் கிடந்த கீரையை அவளே பிடுங்கி வந்து, இதுவும் இந்த வருஷத்து மண்ணுல வெளஞ்சதுதான், இது போதும் என்று ஊருக்குச் சொல்லிவிட்டாளாம்.

கண்மாய்க்குள் அண்டா ஏறியது. அமுதவல்லி வரவில்லை என்றுதான் சொன்னாள். காவ்யா கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். வழி நெடுகக் கையை விடவில்லை. ஒப்பாரி முடிந்தது. மூக்காயி முதல் கிண்ணத்தை முகந்து காவ்யாவிடம் நீட்டினாள். காவ்யா வாங்கினாள், ஆனால் குடிக்கவில்லை. கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு அம்மாவைப் பார்த்தாள். மற்றவர்களும் கிண்ணத்தை வாங்கிக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். கஞ்சி ஆறிக்கொண்டிருந்தது.

"அமுதா" என்றாள் மூக்காயி. "குடிக்கலாமாடி?"

அமுதவல்லி எழுந்து போய் அண்டாவுக்குள் எட்டிப் பார்த்தாள். மோந்து பார்த்தாள். அரிசி எந்தக் கடை, கீரையை யார் அலசினது, தண்ணீர் எந்தக் குழாய் என்று கேட்டாள். மூக்காயி ஒவ்வொன்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னாள். யாரும் சிரிக்கவில்லை. வயிற்றுப் பிள்ளையோடு மகளும், கிண்ணத்தை ஏந்திக்கொண்டு ஊரும், தன் ஒரு வாய்ச்சொல்லுக்காக உட்கார்ந்திருப்பதை அமுதவல்லி அப்போதுதான் சுற்றிலும் பார்த்தாள்.

"குடிக்கலாம்க்கா" என்றாள்.

சொன்ன மறு நொடியே, இதுவரை வாழ்க்கையில் பயந்தது எல்லாம் ஒன்றுமே இல்லை என்று தோன்றுகிற அளவுக்கு அவளுக்குப் பயம் வந்துவிட்டது.